ஆன்டிஆக்ஸிடன்ட்: ப்ராஜெக்ட்டின் அந்தக் கடைசி வரி

பயோகெமிஸ்ட்ரி படிப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாகவே இருக்கும்: "ஆகவே, ஆன்டிஆக்ஸிடன்ட் சத்துக்களைக் கூடுதலாகக் கொடுப்பது இந்நோயாளிகளுக்குப் பலனளிக்கலாம்." லைப்ரரியில் பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். சர்க்கரை நோயோ, ரத்தக் கொதிப்போ, மாரடைப்போ, தலைப்பு எதுவானாலும் கடைசிப் பக்கத்தில் இந்த வரியோ இதன் அண்ணன் தம்பியோ உட்கார்ந்திருக்கும். சீனியர் எழுதினார், அதனால் ஜூனியர் எழுதுகிறார். யாரும் அடித்துத் திருத்துவதும் இல்லை.

இந்த வருடம் நம் வகுப்பும் ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்க வேண்டிய நேரம். இதயநோய், ரத்த அழுத்தம், ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ் என்று ஏழெட்டுப் பேராவது எடுப்பார்கள் என்று தெரியும். அதனால் முன்கூட்டியே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பை எடுங்கள், தப்பே இல்லை. அந்தக் கடைசி வரியை மட்டும் எழுதாதீர்கள். பலனளிக்குமா என்று பல்லாயிரம் பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. விடையும் வந்துவிட்டது. விடை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

வகுப்புக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தெரிந்தவர்கள் அடுத்த தலைப்பைத் தாண்டிப் போய்விடலாம்.

காறிப்போன எண்ணெயும் நம் ரத்தக்குழாயும்

கடலை எண்ணெயை ரொம்ப நாள் திறந்து வைத்தால் காறல் வாடை அடிக்கும். காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் எண்ணெயில் உள்ள கொழுப்பைத் தாக்கியதால் வருவது அந்த வாடை. ஏறக்குறைய இதே வேலை நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது. நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனில் ஒரு சிறு பகுதி, எதையாவது தாக்கத் துடிக்கிற துகள்களாக மாறுகிறது. இவற்றுக்கு ஃப்ரீ ராடிகல் என்று பெயர். உடம்பிலேயே இவற்றை அடக்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன. அடக்குவதைவிட உற்பத்தி அதிகமாகிவிட்டால் அந்த நிலைமைதான் ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ்.

இதற்கும் இதயத்துக்கும் இரண்டு வழியில் சம்பந்தம் உண்டு. ஒன்று, ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்த எல்.டி.எல். கொலஸ்ட்ரால் இந்தத் தாக்குதலில் 'காறிப்போகிறது'. காறிப்போனதைக் குப்பை என்று நினைத்து வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி உப்பி அங்கேயே தங்கிவிடுகின்றன. குழாயில் அடைப்பு தொடங்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு, ரத்தக்குழாயைத் தளர்த்தி விரியவைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு. இதன் வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. சூப்பர்ஆக்ஸைடு என்ற ஃப்ரீ ராடிகல் இந்த நைட்ரிக் ஆக்ஸைடைப் பிடித்து அழித்துவிடுகிறது. குழாய் தளராமல் இறுகியே இருந்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது.

இதுவரை சொன்னதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. நல்ல அறிவியல். சண்டை இதற்குப் பிறகுதான்.

ஐம்பதும் ஐம்பதும்

நம் ஊர்களில் இந்தத் தலைப்பில் நடக்கும் மாணவர் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஐம்பது பேர், இல்லாதவர்கள் ஐம்பது பேர். இரண்டு பக்கமும் ரத்தம் எடுப்போம். தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்க வைப்போம். ரோஸ் நிறம் வரும். 532 நானோமீட்டரில் வைத்து அளப்போம். நோயாளிகளின் குழாயில் நிறம் அடர்த்தியாக இருக்கும். அதாவது மாலன்டைஆல்டிஹைடு அதிகம். கூடவே சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூடேஸ், குளூட்டாதையோன், விட்டமின் சி எல்லாம் குறைவாக இருக்கும். ஒரு பட்டை வரைபடம், ஒரு டி டெஸ்ட், பிறகு அந்தக் கடைசி வரி.

முதலில் அந்த ரோஸ் நிறத்தையே முழுசாக நம்ப முடியாது. தயோபார்பிட்யூரிக் அமிலம் மாலன்டைஆல்டிஹைடோடு மட்டும் சேராது, ரத்தத்தில் இருக்கும் வேறு சில பொருட்களோடும் சேர்ந்து நிறம் காட்டும். அது கிடக்கட்டும். நிறம் சரி என்றே வைத்துக்கொள்வோம். நோயாளிகளிடம் அது அதிகம் என்று மட்டும்தானே நமக்குத் தெரியும்? அது நோயைக் கொண்டுவந்ததா, நோயால் வந்ததா, இரண்டுக்குமே காரணமான பீடியாலும் சர்க்கரையாலும் வந்ததா என்பதை ஐம்பதும் ஐம்பதும் சொல்லவே சொல்லாது. தீப்பிடித்த வீட்டில் புகை இருக்கும். அதற்காகப் புகையை விசிறிவிட்டால் தீ அணைந்துவிடுமா?

நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சிலருக்கு விட்டமின், சிலருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும். கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது, வாங்குபவருக்கும் தெரியக் கூடாது. வருடக்கணக்கில் காத்திருந்து யாருக்கு மாரடைப்பு வந்தது, யார் இறந்தார்கள் என்று எண்ண வேண்டும். ரோஸ் நிறத்தை அளப்பதைவிட ஆயிரம் மடங்கு கஷ்டமான வேலை. அந்த வேலையைச் சிலர் செய்தார்கள்.

செய்து பார்த்தபோது

1993-ல் அமெரிக்காவிலிருந்து இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. ஒன்றில் 87,245 நர்சுகள், இன்னொன்றில் 39,910 ஆண்கள். விட்டமின் இ அதிகம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இதயநோய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. உலகமே விட்டமின் இ வாங்கக் கிளம்பியது. ஆனால் இவை கவனித்துப் பார்த்த ஆய்வுகள்தான், கொடுத்துப் பார்த்தவை இல்லை. தானாகவே விட்டமின் வாங்கிச் சாப்பிடுபவர் பொதுவாக எப்படிப்பட்டவர்? கொஞ்சம் வசதி இருக்கும், நடைப்பயிற்சி போவார், உடம்பு மேல் அக்கறை இருக்கும். இதயத்தைக் காப்பாற்றியது விட்டமினா, அந்த அக்கறையா? ஆய்வாளர்கள் கணக்கில் இதையெல்லாம் கழித்துப் பார்க்க முயன்றார்கள்தான். ஆனாலும் முழுசாகக் கழிக்க முடியாது.

பிறகு வந்ததுதான் ஹோப் ஆய்வு. நடத்தியவர் சலீம் யூசுப். கேரளத்தில் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 19 நாடுகள், ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். எல்லோரும் 55 வயது தாண்டியவர்கள். ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்கள், அல்லது சர்க்கரையோடு இன்னொரு ஆபத்தும் உள்ளவர்கள். இந்த ஆய்வின் அழகு என்னவென்றால், ஒரே ஆட்களை வைத்து இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். விட்டமின் இ பலன் தருமா? ரமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை பலன் தருமா?

2000-ம் ஆண்டு ஜனவரியில் முடிவு அச்சில் வந்தது. நாலரை வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணியபோது, விட்டமின் இ எடுத்தவர்களில் 16.2 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15.5 சதவீதம். அதாவது ஒரு பலனும் இல்லை. ரமிப்ரில் பக்கம் பாருங்கள்: மாத்திரை எடுத்தவர்களில் 14.0 சதவீதம், எடுக்காதவர்களில் 17.8 சதவீதம். நூறு பேருக்கு ஏறக்குறைய நான்கு பேர் தப்பித்திருக்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 2002-ல், இங்கிலாந்தின் இதயப் பாதுகாப்பு ஆய்வு வெளிவந்தது. 20,536 பேர். இதிலும் ஒரே ஆட்களிடம் இரண்டு கேள்விகள். ஒரு பக்கம் விட்டமின் இ, விட்டமின் சி, பீட்டா கரோட்டின் மூன்றும் சேர்ந்த மாத்திரை. இன்னொரு பக்கம் சிம்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை. ஐந்து வருடம் கொடுத்தார்கள். சிம்வாஸ்டாடின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கால்வாசி அளவுக்குக் குறைத்தது. விட்டமின்கள் எதையும் குறைக்கவில்லை. மாத்திரை உடம்பில் சேரவில்லையோ என்று சந்தேகம் வரும். சேர்ந்தது. ரத்தத்தில் விட்டமின் இ அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. அளவு ஏறியும் ஆளுக்குப் பலன் இல்லை.

"பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உறுதி இல்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வில் (1994) பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. அமெரிக்காவில் அதே மாதிரி நடந்த இன்னொரு ஆய்வை 1996-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. ஹோப் ஆய்வை மேலும் நீட்டித்துப் பார்த்தபோது (2005) விட்டமின் இ எடுத்தவர்களுக்கு இதயம் செயலிழப்பது சற்று அதிகமாகவே தெரிந்தது. 2022-ல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, இதயநோயையோ புற்றுநோயையோ தடுப்பதற்காக பீட்டா கரோட்டினும் விட்டமின் இ-யும் எடுக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

ஏன் இப்படி? ஃப்ரீ ராடிகல் எல்லாமே வில்லன் இல்லை. நம் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வதே அவற்றை வைத்துத்தான். செல்கள் தங்களுக்குள் சேதி சொல்லவும் அவை வேண்டும். இன்னொன்று, ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக்குழாய்ச் சுவரில் சூப்பர்ஆக்ஸைடு உற்பத்தியைத் தூண்டுகிறது. ரமிப்ரில் அந்த ஹார்மோன் உருவாவதைக் குறைக்கிறது. அப்படியானால் ஒழுகுகிற குழாயை மூடியது பி.பி. மாத்திரை, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது விட்டமின் என்று சொல்லத் தோன்றுகிறது. இதுவும் ஒரு விளக்கம்தான், முழுசாக நிரூபணமான விஷயம் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரமிப்ரிலை நாம் நம்புவது இந்த விளக்கத்துக்காக இல்லை. கொடுத்துப் பார்த்தபோது ஆட்கள் பிழைத்தார்கள் என்பதற்காக.

"அது வெள்ளைக்காரனுக்கு"

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். "அவர்கள் பாலும் பழமும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், விட்டமின் கொடுத்தால் என்ன ஆகப்போகிறது? நம் ஆட்கள் சத்துக் குறைந்தவர்கள், நமக்குப் பலிக்கும்." நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம், நம் மதுரைக்காரர்களே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கண்ணில் புரை விழுவதிலும் ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பங்கு உண்டு. இதயத்துக்குச் சொல்கிற அதே கதைதான். கண்ணின் லென்ஸில் உள்ள புரதங்கள் ஆக்ஸிஜன் தாக்குதலில் கெட்டு, லென்ஸ் மங்குகிறது. அப்படியானால் ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் புரை தள்ளிப்போகுமா? அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நம் பக்கத்துக் கிராமங்களில் 798 பேரைச் சேர்த்தார்கள். பீட்டா கரோட்டின், விட்டமின் சி, விட்டமின் இ ஒரு பாதிக்கு. வெற்று மாத்திரை இன்னொரு பாதிக்கு. ஐந்து வருடம். ஆட்களும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள், ஒழுங்காகப் பரிசோதனைக்கு வந்தார்கள். முடிவு 2006-ல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு பக்கமும் புரை வளர்ந்தது. வித்தியாசம் இல்லை. உணவில் இந்தச் சத்துக்கள் பொதுவாகக் குறைவாக இருக்கும் மக்களிடம்கூடப் பலன் தெரியவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இது கண், இதயம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். கண்ணில் வந்த முடிவு இதயத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் "நம் ஆட்களுக்கு மட்டும் வேலை செய்யும்" என்று சாதிக்க இனி வெறும் ஊகம் போதாது.

சத்துக் குறைந்தவர்களுக்குச் சத்து கொடுப்பது வேறு விஷயம், அதை மறுக்கவே முடியாது. அதற்கும் மதுரையிலிருந்தே சாட்சி இருக்கிறது. அரவிந்த் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சின்னக் குழந்தைகளுக்கு வாராவாரம் சிறிய அளவில் விட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். 1990-ல் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. குழந்தை இறப்பு 54 சதவீதம் குறைந்தது. இதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த குழந்தைகளுக்கு வெறும் கையைக் காட்டவில்லை, விட்டமின் இ கொடுத்தார்கள். விட்டமின் ஏ-யும் சேர்த்துப் பெற்ற குழந்தைகள்தான் கூடுதலாகப் பிழைத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இல்லாமல் போனது விட்டமின் ஏ. அதைக் கொடுத்தார்கள், பலன் கிடைத்தது.

சீனாவில் லின்சியான் என்ற வறிய பகுதியில் 29,584 பேருக்கு பீட்டா கரோட்டின், விட்டமின் இ, செலினியம் கொடுத்தபோதும் (1993) மொத்த இறப்பு 9 சதவீதம் குறைந்தது. அங்கே குறைந்தது முக்கியமாகப் புற்றுநோய் இறப்பு. எனக்குச் சாதகமாக இல்லாத முடிவு என்பதற்காக இதை மறைக்க விரும்பவில்லை. இதிலும் பாடம் அதுதான்: எந்தச் சத்து, யாருக்கு, எந்த நோய்க்கு என்று கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று பொத்தாம் பொதுவாக ஒரு பெயர் வைத்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது.

எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஒரு மாணவரின் ப்ராஜெக்ட்டில் ஒரு வரி இருந்தால் நாடு கெட்டுவிடுமா என்று கேட்கலாம். அந்த ஒரு வரி அங்கேயே தங்குவதில்லை. ஆயிரம் ப்ராஜெக்ட்டில் வந்தால் அது 'ஆராய்ச்சி சொல்கிறது' என்று ஆகிவிடுகிறது. மாத்திரை விற்பவரின் வழவழப்பான நோட்டீஸில் ஏறுகிறது. கூட்டம் போட்டு விற்பவர் மேடையில் சொல்கிறார். கடைசியில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

எங்கள் பெரியப்பா செல்லூரில் இருக்கிறார். அறுபது தாண்டியவர். ரத்தக் கொதிப்புக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்கும் அம்லோடிபின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறை அளந்தபோது 130 காட்டியது. "பிரஷர் சரியாப் போச்சுத்தா" என்று நிறுத்திவிட்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் வாங்க ஆரம்பித்தார். மாதம் ஆயிரத்துக்கு மேல். "ஏன் பெரியப்பா, ஓசில குடுக்குறத விட்டுட்டு காசு குடுத்து இத வாங்குறீங்க?" என்று கேட்டேன். "ஏத்தா, அது கெமிக்கலு. இது இயற்கை. ஆராய்ச்சில போட்டிருக்கான்" என்று அந்த நோட்டீஸை எடுத்துக் காட்டினார். அதிலும் அந்த வரி இருந்தது. பிறகு வீட்டுக்கு வந்து அளந்த சுகாதாரத் தன்னார்வலர் கருவியில் 180-ஐக் காட்டி எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுபடி மாத்திரைக்கு வந்தார்.

மாத்திரை சாப்பிட்டதால்தான் 130 வந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ரத்தக் கொதிப்பு காய்ச்சல் மாதிரி இல்லை, விட்டுப்போவதற்கு. பெரும்பாலானவர்களுக்கு அது வலிக்காது, தலைசுற்றாது. வலிக்காத நோய்க்குத் தினமும் மாத்திரை சாப்பிடச் சொன்னால் யாருக்கும் அலுப்புத்தான் வரும். அந்த அலுப்பில்தான் கேப்ஸ்யூல் வியாபாரம் நுழைகிறது.

இது எங்கள் பெரியப்பா கதை மட்டுமில்லை. 2020-ல் தமிழ்நாடு முழுக்க நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். நூற்றில் ஏழு பேர்! 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. மறுபடி ஆய்வு செய்தபோது 7.3 என்பது 17 ஆகியிருந்தது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் நூற்றில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை. அதில் சிலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலர் பெரியப்பா மாதிரி நிறுத்தியவர்கள்.

சலீம் யூசுப் 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வு (2004) முதல் மாரடைப்போடு தொடர்புடைய ஒன்பது விஷயங்களைக் காட்டியது. புகை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாதது, உடலுழைப்பு இல்லாதது, மதுப்பழக்கம். ஆண்களுக்கு வரும் ஆபத்தில் 90 சதவீதத்தை இந்த ஒன்பதே விளக்கிவிடுகின்றன. நம் தெற்காசிய ஆட்களுக்கு மற்றவர்களைவிட முன்னதாகவே மாரடைப்பு வருகிறது என்பதும் அதில்தான் தெளிவானது. காய்கறி பழம் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வராதீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். கீரையில் பொட்டாசியம் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, வயிறு நிறைகிறது. கீரையிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்து டப்பாவில் அடைத்து விற்பது கீரை ஆகாது என்பதுதான் என் கட்சி.

அப்படியானால் என்ன ப்ராஜெக்ட் செய்யலாம்?

ரத்தம் எடுத்து ரோஸ் நிறம் பார்ப்பதுதான் ஆராய்ச்சி, ஆட்களிடம் கேள்வி கேட்பது ஆராய்ச்சி இல்லை என்று நம்மில் நிறையப் பேருக்கு ஒரு நினைப்பு. கெமிக்கல் வாசனை வந்தால்தான் சயின்ஸ்! எனக்குத் தோன்றும் சில யோசனைகளைச் சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

செல்லூரிலோ, ஆரப்பாளையத்திலோ, ஊருக்கு வெளியே மேலூர், உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு நூறு வீடு ஏறி இறங்குங்கள். பி.பி. மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் நேற்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? நிறுத்தியவர்கள் எதற்காக நிறுத்தினார்கள்? கால் வீக்கமா, "சரியாப் போச்சு" என்ற நினைப்பா, வாங்கப் போனால் அன்றைக்குக் கூலி போய்விடும் என்பதா? ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு வேறு. எந்த டெஸ்ட் ட்யூபும் இதைச் சொல்லாது.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, உப்புக்கண்டம், பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னா, இவற்றில் எவ்வளவு இருக்கிறது என்று நம் லேபிலேயே அளக்கலாம். சோடியம் அளக்க ஃப்ளேம் ஃபோட்டோமீட்டர் போதும். சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரை வைத்து, சமையல் உப்பில் ஒரு பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்தார்கள். 2021-ல் வந்த முடிவில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த உப்பை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.) இதற்கும் கிராமங்கள்தான் களம், பல வருடப் பொறுமைதான் முதலீடு.

இல்லை, எனக்கு ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ்தான் வேண்டும் என்பவர்கள் அதையே செய்யுங்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர், நிறுத்தியவர் என்று பிரித்து இருவருக்கும் அளந்து பாருங்கள். அளந்ததை அளந்தபடி எழுதுங்கள். "இந்த நோயாளிகளிடம் இது அதிகமாக இருந்தது, காரணமா விளைவா என்பது இந்த ஆய்வில் தெரியாது" என்று முடித்தால் மார்க் குறையாது. குறைந்தாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம்.

கண்ணில் புரை வளரும் வயதில், யாரோ கொடுத்த மாத்திரையை, அது மருந்தா வெறும் மாவா என்றுகூடத் தெரியாமல், ஐந்து வருடம் விடாமல் சாப்பிட்ட அந்த 798 பேரை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலர் நம் தாத்தா பாட்டி வயதுக்காரர்களாக இன்று எங்காவது இருப்பார்கள். அவ்வளவு பாடுபட்டு நமக்கு ஒரு பதில் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பதில் வந்த பிறகும், அதைப் படிக்காமல், "பலனளிக்கலாம்" என்று நாம் எழுதிக்கொண்டே இருப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

என் ரிப்போர்ட்டின் கடைசி வரி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். "மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் இத்தனை பேர் நிறுத்தியிருந்தார்கள், அவர்கள் சொன்ன காரணங்கள் இவை." எண்ணிக்கை இன்னும் கையில் இல்லை. அடுத்த மாதம் செல்லூரில் வீடு ஏறி இறங்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் சொல்லுங்கள், வார்டு பிரித்துக்கொள்ளலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, மாணவிதான். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக எந்த மாத்திரையையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று சாயங்காலம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "பிரஷர் மாத்திரை சாப்பிட்டீங்களா?"